இரண்டாம் வகுப்புப் பாடநூல்

டாக்டர் கேட்டது சாதாரணக் கேள்விதான். இதயத்தில் வால்வு மாற்றப் போகிற எல்லோரிடமும் கேட்பதுதான்.

"உங்கப்பா எந்த வயசுலம்மா இறந்தாரு? எதனால?"

பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா சுவரில் தொங்கிய இதயப் படத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். எழுபது வயது மனுஷி, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை மாதிரி முழித்தாள்.

"தெரியாதுங்க."

"பரவால்ல, தோராயமா சொல்லுங்க."

"செத்தாரான்னே தெரியாதுங்க."

டாக்டர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டு சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று அடுத்த கேள்விகளுக்குப் போய்விட்டார். அம்மா அதற்கெல்லாம் பதில் சொன்னாளே தவிர, அவள் மனம் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டது என்பது மகளுக்குத் தெரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, யாரிடமோ சொல்வது போல் அம்மா சொன்னாள்:

"ஆபரேஷன் இருக்கட்டும்டி. அவர் செத்தாரா, இல்ல எங்கள விட்டுட்டுப் போனாரா, அது தெரியாம நான் கத்திக்குப் படுக்க மாட்டேன். மயக்க மருந்து குடுப்பாங்க. எந்திரிச்சா சரி. எந்திரிக்கலன்னா, தெரியாமலே போறதா?"

"அறுபத்திரண்டு வருஷமா தெரியல. ரெண்டு வாரத்துல ஆபரேஷன், அதுக்குள்ள எப்படிம்மா தெரியும்?"

"அது உன் பாடு."

அம்மாவின் பிடிவாதம் ஊரறிந்தது. பிடித்தால் உடும்புப் பிடி.

மகளுக்கு வேலை பஸ் டிப்போவில். டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது, டிரைவர் யார், கண்டக்டர் யார் என்று பதிவேட்டில் எழுதுகிற வேலை. இருபத்திரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கடிகாரம். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு "கடிகாரம்மா, ரெண்டு நிமிஷம் கண்டுக்காதீங்க" என்று முகத்துக்கு நேராகவே கெஞ்ச ஆரம்பித்தார்கள். அவளுக்கும் அது பழகிவிட்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

கடிகாரத்தின் தாத்தா கல்குவாரியில் கல் உடைத்தவர். முப்பத்து மூன்று வயதில் இருமலோடு ரத்தம் வந்தது. ஊருக்கு வெளியே குன்றடியில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில், ஆறாம் வார்டில் சேர்த்தார்கள். பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் எட்டு வயது அம்மா ஒரு தடவைகூடப் போகவில்லை. அம்மாவின் தாய்மாமாதான் நேரம் கிடைத்தபோது போய்ப் பார்த்துவிட்டு வருவார். நடுவில் நாலு மாதம் அவருக்கும் ஒழியவில்லை. அது கழிந்து போனால், கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தான். ஆபீஸில் கேட்டால், "பேர் இருக்கிற புத்தகம் இங்க இல்ல, அங்க கேளுங்க" என்று இங்கும் அங்கும் பந்தாடினார்கள். மாமா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: "ஆள் ஓடிட்டான். செத்திருந்தா தந்தி வந்திருக்கும்ல?"

தந்தி வரவில்லை. ஆகவே அவர் உயிரோடு இருந்தார். அவ்வளவுதான் அந்த வீட்டுக்குக் கிடைத்த சாட்சி. அதன் பிறகு ஊர் தன் வேலையைச் செய்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார் என்றார்கள். இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார், இரண்டு பையன்கள் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த மாமாவும் போய்ச் சேர்ந்தார், அம்மாவைப் பெற்றவளும் போய்ச் சேர்ந்தாள். பேச்சு மட்டும் சாகவில்லை.

அம்மா அவரை மனதுக்குள் வளர்த்து வந்தாள். வளர்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருடா வருடம் அவருக்கு ஒரு வயது கூட்டுவாள். "இருந்தா இப்ப அம்பது." "இருந்தா எழுபத்தஞ்சு, கண்ணு தெரியுமோ என்னவோ." போன வருடம்கூட ஒரு கிழவர் தடியூன்றித் தெருவைக் கடப்பதைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்றுவிட்டாள். மழைக்கு ஒழுகுகிற அந்த இரண்டு அறை வாடகை வீட்டை விட்டு மாறலாம் என்று கடிகாரம் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறாள். அம்மா மசியவே இல்லை. தண்ணீர் நன்றாக வருகிறது, கடை பக்கம் என்று ஆயிரம் காரணம் சொல்வாள். உண்மைக் காரணம் இரண்டு பேருக்கும் தெரியும். அவருக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான்.

அவர் செத்துவிட்டார் என்று யாராவது சொன்னால் அம்மா சீறுவாள். ஓடிவிட்டார் என்று சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவாள். சீறுவதைவிட அந்த உள்ளே போவதுதான் கடிகாரத்துக்குப் பொறுக்காது.

மறுநாளே அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால் இல்லை என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆபீஸ் பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்கு மாறியபோது மழையில் நனைந்துபோன புத்தகங்களில் அந்த வருடமும் அடுத்த வருடமும் அடக்கம்.

"அதுக்கு முந்தின வருஷம் இருக்கு, பிந்தின வருஷம் இருக்கு. உங்க தாத்தா கொஞ்சம் முன்னப்பின்ன போயிருக்கலாம்."

"அவர்கிட்ட சொல்றேன் சார்."

எழுத்தர் சிரித்தார். 'பதிவேடு கிடைக்கவில்லை' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார். முத்திரை, கையெழுத்து, வரிசை எண் எல்லாம் பளிச்சென்று இருந்தன. செத்ததற்குச் சான்று இல்லை என்பதற்கு ஒரு சான்று. கடிகாரம் அதை நாலாய் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அது இப்போது எல்லா நோய்க்குமான பொது ஆஸ்பத்திரி. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட நோயாளிக் கோப்புகளை அழித்துவிட விதி இருக்கிறதாம். விதிப்படி அழித்துவிட்டார்கள். எதை எதையோ கிடப்பில் போடுகிற ஆபீஸ், அழிப்பதை மட்டும் தேதி தவறாமல் செய்திருந்தது.

ஒரு வாரம் ஓடிவிட்டது. ஆபரேஷன் செய்யப்போகிற ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. அம்மா எடுக்கவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறவள், இப்போது அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் டிப்போவில் ஒரு ரகளை. ஒரு கண்டக்டர் டிக்கெட் மெஷினைத் தொலைத்துவிட்டார். அதற்கான அறிக்கையில் கண்டக்டர் கையெழுத்து, டிரைவர் கையெழுத்து, டைம் கீப்பர் கையெழுத்து, மேனேஜர் கையெழுத்து, அதற்கு மேல் ஒரு பெரிய அதிகாரி கையெழுத்து. மூன்று நகல். கடிகாரம் மூன்றாவது நகலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பேனா நின்றது. போன மாதம் இதே வண்டியில் ஒருவர் மயங்கி விழுந்தார். நடுவழியில் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பதிவேட்டில் அவளே எழுதியது ஒரு வரி: 'பயணி இறக்கப்பட்டார், பதினோரு நிமிடம் தாமதம்.' அவர் பெயர் என்ன, பிழைத்தாரா என்று அவளும் கேட்கவில்லை.

"மனுஷன் தொலைஞ்சா ஒரு வரி," என்று வாய்விட்டே சொன்னாள். "மெஷின் தொலைஞ்சா அஞ்சு கையெழுத்து."

"என்ன சொல்றீங்க கடிகாரம்மா?" என்றார் கண்டக்டர், பாவம், ஏற்கெனவே அழுகிற நிலையில்.

"உங்கள இல்ல. நீங்க போங்க."

தாத்தாவைத் தேடினது தப்பு. தாத்தாவிடம் ஆஸ்பத்திரி என்னென்ன கொடுத்து வைத்திருந்தது என்று தேட வேண்டும். ஆள் எப்படிப் போனால் என்ன, கொடுத்த பொருளுக்கு எவனோ ஒருவன் பதில் சொல்லியாக வேண்டுமே!

மறுநாள் அந்தப் பழைய காசநோய் ஆஸ்பத்திரியின் ஸ்டோரில் போய் நின்றாள். ஸ்டோர் கீப்பர், ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிற மனிதர்; கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். அவள் கேட்டதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அறுபது வருஷத்துக்கு முந்தின கம்பளிப் பதிவேடா? இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

"தட்டு, டம்ளர், எதுவா இருந்தாலும் சரி சார். ஆள் பேர் போட்டுக் குடுத்தது ஏதாவது."

அவர் யோசித்தார். கம்பளி, தட்டு எல்லாம் வார்டுக்கு இத்தனை என்று மொத்தமாகக் கொடுத்தது. ஆள் பேர் இருக்காது. "ஆங், ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்துல நோயாளிகளுக்குன்னு ஒரு லைப்ரரி வெச்சிருந்தாங்க. வருஷக்கணக்குல படுத்துக் கிடப்பாங்கல்ல, பொழுது போகணுமே. அந்தப் புத்தகமெல்லாம் போயிடுச்சு. பதிவேடு கிடக்கும்."

கிடந்தது. பின்கட்டு அறையில், உடைந்த எடை மெஷினுக்கு அடியில். எந்தப் புண்ணியவானோ அட்டைக்கு மேல் ரெக்சின் ஒட்டி வைத்ததால் கரையான் தொடவில்லை. கடிகாரம் ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தேதி, பெயர், வார்டு, கட்டில் எண், புத்தகம், கையெழுத்து, திரும்பிய தேதி, குறிப்பு. பதிவேடு அவளுக்குப் பழக்கப்பட்ட பாஷை. அரை மணி நேரத்தில் ஆறாம் வார்டைக் கண்டுபிடித்தாள். கட்டிலுக்கு ஒரு பக்கம். தாத்தாவின் பெயர் அபூர்வமான பெயர். நடுச்சந்தையில் நின்று கூப்பிட்டாலும் ஒருத்தர்தான் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பெயர் இருந்தது. தகப்பன் பெயர் சரி. கட்டில் பதினாலு. எடுத்த புத்தகம்: ஒன்றாம் வகுப்புப் பாடநூல்.

கடிகாரத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இது எங்க தாத்தா இல்ல சார். அவருக்கு எழுதப் படிக்கவே தெரியாது."

ஸ்டோர் கீப்பர் எட்டிப் பார்த்தார். "தெரிஞ்சிருந்தா ஒண்ணாம் வகுப்பு எதுக்கும்மா எடுக்கப் போறாரு?"

அதுவும் சரிதான். கையெழுத்துக் கட்டத்தில் பெருவிரல் ரேகை இருந்தது. இரண்டு வாரம் கழித்து அதே புத்தகம், அதே ரேகை. மறுபடி இரண்டு வாரம். ஐந்து தடவை அதே ஒன்றாம் வகுப்பு. ஆறாவது தடவை இரண்டாம் வகுப்புப் பாடநூல், ரேகை. ஏழாவது தடவையும் ரேகை. எட்டாவது வரியில் ரேகை இல்லை. கையெழுத்து இருந்தது. கோணல் மாணலாக, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் நுழைந்திருந்தது அவர் பெயர். கடிகாரம் அதன் மேல் விரலை வைக்கப் போய், எதற்கோ பயந்து எடுத்துக்கொண்டாள். அவள் பிறப்பதற்கு முன்பே இல்லாமல் போன ஆள். அவர் கையால் செய்த ஒரு காரியத்தை இன்றுதான் பார்க்கிறாள்.

அந்த வரியில் திரும்பிய தேதி இல்லை. வரி முழுவதும் சிவப்புக் கோடு போட்டு அடித்திருந்தது. குறிப்பில் ஒரு தேதியும் இரண்டெழுத்துச் சுருக்கக் கையெழுத்தும். அதற்குக் கீழே அவர் பெயரே இல்லை.

சிவப்புக் கோடு என்றால் என்னவென்று கடிகாரத்துக்கு யாரும் சொல்ல வேண்டாம். டிப்போ பதிவேட்டில் அவளே போடுவாள். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடிப்போனவன் பெயர் மேல் போடுகிற கோடு.

"புத்தகத்தக் கையோட எடுத்துட்டுப் போயிட்டாரு போல," என்றார் ஸ்டோர் கீப்பரும். "ஸ்டாக்லேர்ந்து கழிச்சிட்டாங்க."

கடிகாரம் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டாள். நன்றி சொன்னாளா இல்லையா என்று அவளுக்கு நினைவில்லை. மாமா சொன்னது சரி. ஊர் சொன்னது சரி. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு, மனுஷன் கம்பி நீட்டிவிட்டார். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டதே! பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். முதல் பஸ்ஸை விட்டாள். இரண்டாவது பஸ்ஸின் டிரைவர் தெரிந்தவர், "என்ன கடிகாரம்மா, ஏறலயா?" என்றார். தலையை ஆட்டி அவரையும் அனுப்பினாள். போனை எடுத்து அந்தப் படத்தையே பார்த்தாள். தாத்தா மேல் கோபம் வந்தது, அம்மாவுக்காக அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் தொழில் புத்தி மட்டும் தனியாக விழித்துக்கொண்டிருந்தது.

குறிப்பில் இருந்த சுருக்கக் கையெழுத்து லைப்ரரிக்காரருடையது இல்லை. அவருடையது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கிறது, உருண்டை உருண்டையாக. இது வேறு. கிறுக்கல். இப்படிக் கிறுக்குகிற ஜாதி உலகத்தில் ஒன்றுதான். இது டாக்டர்.

பாடப் புத்தகம் தொலைந்ததற்கு டாக்டர் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?

திரும்பி நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்கு, ஓடினாள். ஸ்டோர் கீப்பர் சாப்பாட்டுக்குப் பூட்டிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி திறந்தார். இந்த முறை அவள் உள்ளே புரட்டவில்லை. முதல் அட்டையின் உட்பக்கத்தைத் திருப்பினாள். எந்தப் பதிவேட்டுக்கும் விதி அங்கேதான் ஒட்டியிருக்கும், அதை எவனும் படிக்க மாட்டான். மஞ்சளேறிய அச்சுத் தாள். நாலாவது விதி:

'நோயாளி இறக்க நேர்ந்தால், அப்போது அவர் வசமிருந்த புத்தகத்தை அன்றைய தினமே எரித்துவிட வேண்டும். பதிவில் சிவப்புக் கோடிட்டு, தேதியுடன் பணி மருத்துவரின் ஒப்பம் பெற வேண்டும்.'

அவள் சத்தமாகத்தான் படித்தாள். ஸ்டோர் கீப்பர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கித் தானும் ஒருமுறை படித்தார். "நோய் ஒட்டிக்கும்னு எரிச்சிருக்காங்க," என்றார் மெதுவாக. பிறகு இருவரும் பதிவேட்டைப் புரட்டினார்கள். பக்கத்துக்கு மூன்று, நாலு, சில பக்கங்களில் ஏழு சிவப்புக் கோடுகள். காலையில் அதையெல்லாம் தொலைந்த புத்தகங்கள் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள். ஆஸ்பத்திரியும் பதிவு அலுவலகமும் தொலைத்த அத்தனை சாவும் இங்கே இருந்தது. கதைப் புத்தகம் படித்துக்கொண்டே ஒருவர், தையல் புத்தகத்தோடு ஒருத்தி. ஸ்டோர் கீப்பர் பதிவேட்டை மூடி, சட்டை நுனியால் அட்டையைத் துடைத்தார். எடை மெஷினுக்கு அடியில் திரும்ப வைக்கவில்லை. தன் மேஜை மேல் வைத்துக்கொண்டார்.

கடிகாரம் வீட்டுக்குப் போனபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடிகாரம் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, தாத்தா ஓடல. ஆஸ்பத்திரியிலயே தவறிட்டார். சேர்ந்த ஆறாவது மாசம். நவம்பர் பதினேழு."

அம்மாவின் கை துணியிலேயே நின்றது. "யார் சொன்னா?"

கடிகாரம் எல்லாவற்றையும் சொன்னாள். லைப்ரரி, சிவப்புக் கோடு, நாலாவது விதி. "முப்பத்து மூணு வயசு," என்றாள் அம்மா. "உன் வயசுகூட ஆகல." அறுபத்திரண்டு வருடமாகக் கூட்டிக்கொண்டே வந்த வயதை அந்த ஒரு நிமிடத்தில் அவள் கழித்துப் பார்த்திருக்க வேண்டும். முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்பா செத்ததற்குப் பிள்ளை அழுகிற அழுகையைத்தான் அழுதாள். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். கடிகாரம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தானும் அழுதாள்.

வெகுநேரம் கழித்து அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி. ஆபரேஷனுக்கு என்னிக்கு வரச் சொல்றாங்கன்னு கேளு."

எடுத்த வேலை முடிந்துவிட்டது என்றுதான் கடிகாரம் நினைத்தாள். போனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணைத் தேடும்போதுதான் அந்தப் படம் ஞாபகம் வந்தது. "இதப் பாரேன், தாத்தா உள்ள இருந்தப்ப எழுதக் கத்துக்கிட்டிருக்கார். முதல்லல்லாம் ரேகை. கடைசியா வாங்கினப்ப மட்டும் கையெழுத்து. ஒண்ணாம் வகுப்பு முடிச்சு ரெண்டாம் வகுப்பு படிச்சிட்டிருந்தாராம்மா."

அம்மா போனை வாங்கினாள். பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து கடிகாரத்துக்கு பயம் வந்துவிட்டது. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று அம்மா கையசைத்தாள்.

"நான் ரெண்டாங் கிளாஸ் முடிச்சப்ப மார்க் கார்டு குடுத்தாங்க. அப்பா கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வரணும். அவரு ரேகை வெச்சுக் குடுத்தாரு. கிளாஸ்ல பக்கத்துல இருந்ததுங்க எல்லாம் பார்த்துட்டுச் சிரிச்சுதுங்க. வீட்டுக்கு வந்து கார்டை அவர் மூஞ்சியில விட்டெறிஞ்சேன். 'ஒரு கையெழுத்துகூடப் போடத் தெரியல, நீ எனக்கு அப்பாவே இல்ல'ன்னு கத்தினேன். கட்டை விரலத் துண்டுல தேச்சுத் தேச்சுத் துடைச்சிட்டே இருந்தாரு. அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்லையேம்மா."

"யார்கிட்ட சொல்றது? மாமா வந்து ஓடிட்டான்னு சொன்னப்ப எல்லாரும் ஏன், ஏன்னு கேட்டாங்க. எனக்கு மட்டும் தெரியும், ஏன்னு. எங்கம்மா சாகிற வரைக்கும் அவகிட்டகூட நான் வாயத் திறக்கல."

அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக அந்தப் பெயரைப் படித்தாள். முழுதாகப் படித்து முடித்தாள். பிறகு படத்தை விரலால் மேலே தள்ளினாள். அங்கே ஏழு வரிகளில் ஏழு பெருவிரல்கள் இருந்தன. அவற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ரேகையே போதும்ப்பா," என்றாள். "எனக்கு ரேகையே போதும்ப்பா."